முகூர்த்த நேரத்து வருகைப்பதிவு

"இதுக்கு முன்னால எங்கெல்லாம் இல்லாம இருந்திருக்கே?" என்று, பல்கலைக்கழகத்தில் சேரப் போன அன்று பதிவாளர் ஆவுடையப்பன் முப்பிடாதியிடம் கேட்டார்.

"பத்தாவதுல, சார்."

"வருசம் பூராவா?"

"பூராவும், சார்."

"வகுப்புக்கு வெளியிலயா, உள்ளயா?"

"உள்ளதான், சார். ரெண்டாவது பெஞ்சு."

பதிவாளரின் முகம் மலர்ந்தது. முன் அனுபவம் உள்ள பிள்ளைகள் இப்போதெல்லாம் கிடைப்பதில்லை என்று சொல்லி, அங்கேயே இடம் கொடுத்துவிட்டார்.

அவள் சொன்னது பொய்யில்லை. தன் பேரைக் கூப்பிட்டால் முப்பிடாதிக்குத் தொண்டை அடைத்துவிடும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கூப்பிடுவார். அவள் அவரைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அவரும் அவளைப் பார்த்துக்கொண்டே "வரல" என்பார். வருடக் கடைசியில் பேரை எடுத்துவிட்டார்கள்.

பள்ளியில் இல்லையென்று ஆனதும் வீட்டிலும் அப்படியே ஆனது. சாப்பிட உட்கார்ந்தால் ஒரு தட்டு குறைந்தது. அம்மா கெட்டவள் இல்லை. இல்லாத பிள்ளைக்கு எப்படிச் சோறு போடுவது என்று அவளுக்குப் பிடிபடவில்லை, அவ்வளவுதான். அப்பா குளித்துவிட்டு வந்து ஈரத்துண்டை அவள் தோளில் காயப்போட்டார்.

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு தட்டு திரும்பி வந்தது. துண்டு கொடிக்குப் போனது. இங்கேயும் பேரை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று முப்பிடாதிக்கு நன்றாகத் தெரியும். சாப்பிடும்போதெல்லாம் தட்டின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டே சாப்பிட்டாள்.

அது சின்னப் பல்கலைக்கழகம். தென்காசிக்குப் போகும் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் இருந்தது. முகூர்த்த நாளில் கல்யாணமும் நடக்கும், வகுப்பும் நடக்கும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மைக்.

வகுப்பு எடுப்பவர் பேராசிரியர் சங்கரலிங்கம். அவர் பாடம் எடை. எதையும் அனுபவித்துத்தான் கற்க வேண்டும் என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் கொள்கை. அவர் கொஞ்சம் அதிகமாகவே கற்றுவிட்டார். அதனால் இப்போது மடக்கு நாற்காலியாக இருந்தார். "உக்காருங்கம்மா, வெக்கப்படாதீங்க" என்று மாணவிகளிடம் சொல்வார். பேர் கூப்பிடும்போது மட்டும் யாரும் உட்காரக் கூடாது. அவருக்கு மூச்சு முட்டும்.

முப்பிடாதிக்குச் செண்பகவல்லி என்று ஒரு தோழி கிடைத்தாள். அவளுக்கும் இதே தொண்டைக் கோளாறு. ஆனால் இருவருக்கும் அடுத்தவர் பேர் தடங்கலில்லாமல் வந்தது. "முப்பிடாதி" என்று கூப்பிட்டால் செண்பகம் சன்னமான குரலில் "உள்ளேன் ஐயா" என்பாள். "செண்பகவல்லி" என்றால் முப்பிடாதி கொஞ்சம் கரகரப்பாக "உள்ளேன் ஐயா" என்பாள். மூன்றாம் வருடம் வரை இருவரும் ஒருநாள் தவறாமல் இருந்தார்கள்.

மூன்றாம் வருடம் அனுபவக் கல்வி. ஆளுக்கொன்று ஒதுக்குவார்கள். ஒருத்தி ஆனி மாதத்திலிருந்து மொட்டைமாடியில் நின்று வெயில் படித்துக்கொண்டிருந்தாள். பயணம் கிடைத்த ஓர் அண்ணன் போனவன் வரவே இல்லை. பாஸாகிவிட்டான் என்று சொன்னார்கள்.

முப்பிடாதிக்குக் காத்திருத்தல் கிடைத்தது. செண்பகத்துக்கு மணப்பெண்ணாதல் கிடைத்தது.

"செய்முறை முடிஞ்சதும் திரும்பி வந்துரலாமா, சார்?" என்று செண்பகம் பதிவாளரிடம் கேட்டாள்.

"அனுபவத்தத் திருப்பிக் குடுக்க முடியாதும்மா" என்றார் பதிவாளர். "புஸ்தகம்னா குடுக்கலாம்."

செண்பகத்தின் முகூர்த்த நாள் வந்தது. முப்பிடாதி விடிந்ததும் பந்தியில் போய் நின்றாள். சாப்பிடுகிறவர் பின்னால் நின்று, அவர் எழுந்ததும் அந்த இடத்தில் உட்கார வேண்டும். அவளுக்கு வாய்த்தவர் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர். அவர் சாம்பார், ரசம், மோர் எல்லாம் முடித்துவிட்டு மறுபடியும் சாம்பாருக்கு வந்தார்.

"முடிச்சிட்டீங்களா, தாத்தா?"

"இப்பத்தானம்மா பசிக்க ஆரம்பிக்குது. நீ யாரு வீட்டுப் பிள்ளை?"

"நான் படிக்கேன், தாத்தா."

"படி, படி. அவசரப்படாதே." அவர் இன்னொரு அப்பளம் கேட்டார்.

அப்போது செண்பகம் பந்திக்குள் வந்தாள். பட்டுச் சேலை இல்லை. சாதாரணச் சுடிதார்.

"ஏட்டி, உன் பையைக் குடு."

"எதுக்குளா?"

"குடுன்னா குடு. மத்தபடி எப்பவும் போலத்தான். நீ எனக்குச் சொல்லு, நான் உனக்குச் சொல்லுதேன்."

பையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பேர் கூப்பிடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் மண்டபத்துக்கு நடந்தாள். நடைபாதை நீண்டுகொண்டே போனது. வழியில் வாழை மரங்கள் கட்டியிருந்தார்கள். தாண்டத் தாண்ட இன்னும் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் எவ்வளவு தூரம், அண்ணே?" என்று கட்டுகிறவரிடம் கேட்டாள்.

"நாங்களும் அங்கதான் போறோம்" என்றார் அவர்.

மண்டபத்தில் ஒரு பக்கம் மாணவர்கள், மறுபக்கம் மாப்பிள்ளை வீட்டார். மேடையில் மாப்பிள்ளை மட்டும் மணையில் உட்கார்ந்திருந்தார். மைக் ஐயரிடம் இருந்தது. அவர் மந்திரத்தை நிறுத்தி, "பொண்ணு வந்தாச்சா?" என்றார். பக்கத்தில் யாரிடமோ பேரைக் கேட்டுக்கொண்டு மைக்கிலேயே கூப்பிட்டார்.

"செண்பகவல்லி?"

முப்பிடாதியின் வாய் அவளைக் கேட்கவில்லை. கொஞ்சம் கரகரப்பாக, "உள்ளேன் ஐயா" என்றது.

மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"நான் இல்ல" என்று அவள் சொல்வதற்குள் கழுத்தில் மாலை விழுந்தது. செண்பகத்தின் அம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாள். "எப்படி மெலிஞ்சு போயிட்டியேட்டி! மூக்குகூட மாறிப்போச்சே!"

"அத்தை, நான் முப்பிடாதி."

"கல்யாணம்னா எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்லும்" என்று சொல்லி மேடையில் ஏற்றிவிட்டாள்.

பதிவாளர் மேடையோரம் நின்றிருந்தார். முப்பிடாதி அவரைப் பார்த்துக் கையை ஆட்டினாள். "இங்க மூஞ்சியப் பாக்கற வழக்கம் கிடையாதும்மா" என்றார் அவர். "பேருக்கு யாரு பதில் சொல்லுதாளோ அவதான்."

மாப்பிள்ளை மெதுவாக அவள் பக்கம் சாய்ந்தார். "பயமா இருக்கா?"

"ஆமா."

"மொதல் தடவையா?"

"நீங்க?"

"நான் திருச்சிப் பக்கம் ஒரு யுனிவர்சிட்டிங்க. இந்தப் பேப்பர்ல அரியர். போன தடவ கெட்டிமேளத்துல தும்மிட்டேன்."

மைக் கை மாறி வகுப்புப் பக்கம் போனது. பேராசிரியர் சங்கரலிங்கம் பேர் கூப்பிடத் தொடங்கினார். அவர் குரல் நசுங்கி வந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா அவர் மேல் உட்கார்ந்திருந்தார்.

"பெரியப்பா, கொஞ்சம் எந்திரிங்க" என்று மாணவிகள் கெஞ்சினார்கள்.

"தாலி கட்டினப்புறம் எந்திரிக்கேன்."

பேர்கள் ஒவ்வொன்றாக நசுங்கி வந்தன. முப்பிடாதி மாலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மேடையிலிருந்து சொன்னால் யாருக்குக் கேட்கும்? சொல்லத்தான் வருமா?

"முப்பிடாதி?"

தொண்டை அடைத்தது. பள்ளிக்கூடத்து வாத்தியாரின் கண்களும், குறைந்த தட்டும், ஈரத்துண்டும் நினைவுக்கு வந்தன.

"உள்ளேன் ஐயா" என்று மாணவர் வரிசையிலிருந்து சன்னமாக ஒரு குரல் கேட்டது.

முப்பிடாதிக்கு மூச்சு வந்தது. அப்பாடா. இன்றைக்கும் இருக்கிறோம். பிறகுதான் அவள் அந்த வரிசையைப் பார்த்தாள். அவளுடைய இடத்தில் செண்பகம் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவளுடைய பை. தலையை அவள் பின்னுவதைப் போலவே பின்னியிருந்தாள். பார்க்கப் பார்க்க மூக்கும் அவளுடையதாகிக்கொண்டிருந்தது. இன்று மாலை அந்தத் தட்டில் யார் சாப்பிடுவார்கள் என்று முப்பிடாதிக்கு விளங்கியது.

ஐயர் கையைத் தூக்கினார். "கெட்டிமேளம்!"

தவிலும் நாதஸ்வரமும் ஒன்றாக முழங்கின. மாப்பிள்ளை தாலியை எடுத்தார். பாவம், பாஸாக வேண்டுமே என்று மறு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். முப்பிடாதி எழுந்து நின்றாள். அந்தச் சத்தத்தில் தன் குரல் தனக்கே கேட்காது என்பது அவளுக்கு வசதியாக இருந்தது.

"உள்ளேன் ஐயா!" என்று கத்தினாள். "நாந்தான் முப்பிடாதி! நான் இருக்கேன்!"

மேளம் நின்றது. அது கரகரப்பாகவும் இல்லை, சன்னமாகவும் இல்லை. இதுவரை யாரும் கேட்டிராத குரல்.

"முப்பிடாதி ஏற்கெனவே வந்தாச்சேம்மா" என்றார் பேராசிரியர், பெரியப்பாவின் அடியிலிருந்து.

"அது நான் இல்ல, சார். இதுதான் நான்."

"ரெண்டு முப்பிடாதி வருதே. ஒண்ணு அதிகம். மறுபடி கூப்பிடுதேன். அவங்கவங்க பேருக்கு அவங்கவங்கதான் சொல்லணும்."

மாப்பிள்ளை தாலியோடு நின்றார். "அப்ப எனக்கு இதுலயும் அரியரா?" என்றார்.

"முப்பிடாதி?"

"உள்ளேன் ஐயா" என்றாள் முப்பிடாதி. இரண்டாம் தடவை சுலபமாகவே வந்தது.

"செண்பகவல்லி?"

செண்பகம் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அவள் முகத்தில் முகம் மாறி மாறி வந்தது. எந்த மூக்கும் நிலைக்கவில்லை. அவள் மேடையைப் பார்த்தாள். மூன்று வருடமாகப் பார்ப்பதைப் போலவே பார்த்தாள்.

"செண்பகவல்லி?" என்றார் பேராசிரியர் மறுபடியும்.

முப்பிடாதியின் நாக்கு தானாகப் புரண்டது. கரகரப்பு தொண்டைக்குள் ஏறி நின்றது. சொன்னால் செண்பகம் இருப்பாள். ஆனால் சொன்னவள்தான் செண்பகம். மாப்பிள்ளையின் கையில் மஞ்சள் கயிறு ஆடிக்கொண்டிருந்தது. ஐயர் அவள் வாயைப் பார்த்தார். செண்பகத்தின் அம்மா அவள் வாயைப் பார்த்தாள். முப்பிடாதி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வரல" என்றார் பேராசிரியர்.

இனித் தாலி இல்லை என்று பெரியப்பா எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். செண்பகத்துக்குப் பக்கத்தில் இருந்தவள், அந்த இடத்தில் யாரும் இல்லாததைப் போலத் தன் தண்ணீர்ப் பாட்டிலை அவள் மடியில் வைத்தாள். செண்பகம் அந்தப் பாட்டிலை எடுத்துத் தரையில் வைத்தாள். எழுந்தாள். நாற்காலிகளுக்கு நடுவே யாரையும் இடிக்காமல் நடந்தாள். வாசலில் வரவேற்பில் நின்ற பெண்கள் பன்னீர்ச் செம்பைத் தாழ்த்தித் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். செருப்புக் குவியலில் கொஞ்ச நேரம் தேடினாள். பிறகு வெறுங்காலோடு வெயிலில் இறங்கிப் போய்விட்டாள்.