ஷாருக் இன்னும் அழவில்லை

1

12 நவம்பர், புதன். ஒரு சின்னத் தப்பு: வாட்ச்சிடம் கேட்க வேண்டியதை அதன் அட்டைப்பெட்டியிடம் கேட்டுவிட்டேன். இந்தக் கதை அதிலிருந்துதான் வந்தது.

இனி ‘ஷாகிதா’ என்றே எழுதுகிறேன். ‘நான்’ என்றால் எனக்குச் சாதகமாக எழுதிவிடுவேன்.

2

பூந்தமல்லியில் ஒரு மாலை, வானம் செக்கச்செவேல்— (வேண்டாம். அவள் வானத்தைப் பார்க்கவே இல்லை.)

ஷாகிதாவின் அக்கா குல்ஷனுக்குக் காது மந்தம். தூங்கும்போது காது மெஷினைக் கழற்றிவிடுவாள். பிள்ளை பெற்று நாற்பது நாள் முடிந்து, நாளை கைக்குழந்தை ஷாருக்கோடு பருத்திப்பட்டில் இருக்கும் புருஷன் வீட்டுக்குப் போகிறாள். மச்சானுக்குச் செம்பரம்பாக்கம் குடோனில் நைட் ஷிஃப்ட். ராத்திரி பிள்ளை அழுதால் அவளை யார் எழுப்புவது? அழுகை கேட்டால் கையில் அதிரும்படி, மாலை வகுப்பில் படித்ததை வைத்து ஷாகிதா அக்காவின் ஸ்மார்ட் வாட்ச்சுக்கு ஓர் ஆப் எழுதினாள்.

வாட்ச் அதை ஏற்றுக்கொள்ளவே இல்லை. மூன்று நாளில் மூன்று கேபிள் மாற்றிப் பார்த்தாள்.

3

இன்று வகுப்பில், பக்கத்து சீட் ஜெகதீஷ் எட்டிப் பார்த்தான். (அவனை இவ்வளவு புத்திசாலியாகக் காட்ட வேண்டுமா என்று யோசித்தேன். நடந்தது அதுதான்.)

“எதுக்குனு கம்பைல் பண்ணே?”

(எழுதியதை எந்திரத்துக்குப் புரியும்படி மாற்றுவது கம்பைல். எந்த வகை எந்திரம், முப்பத்திரண்டு பிட்டா அறுபத்துநாலு பிட்டா என்று முன்பே சொல்லிவிட வேண்டும்.)

“அறுபத்துநாலு பிட். பெட்டியிலயே போட்டுக்கீது.”

“அது சிப்பு. உள்ள ஓடுற சிஸ்டம் இன்னானு வாட்ச்ச கேட்டியா? பயோடேட்டாவ பாத்தே நிக்காஹ் முடிச்சிட்டியா நீ?”

கேபிளைச் செருகிக் கேட்டாள். முப்பத்திரண்டு என்றது வாட்ச். ஒரே ஒரு வரியை மாற்றி, பழையதை அழித்துவிட்டு, மறுபடி கம்பைல் செய்தாள். ஏறியது.*

* போனில் ஒலிக்கவிட்ட யாரோ ஒரு குழந்தையின் அழுகைக்கு அதிர்ந்தது. ஷாருக் அப்படி அழுகிறவன் இல்லை. பூனைக்குட்டிச் சத்தம்தான் வரும்.

4

முடிவு ஒன்று: ஷாருக் வீறிட்டு அழுகிறான், வாட்ச்—

குல்ஷன் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டாள்.

“இன்னாடி, புள்ளைய கிள்ளப் போறியா? கைய ஒடிச்சிருவேன்.”

“கதையிலதான்க்கா.”

“கதையில மட்டும் எம்புள்ள எதுக்கு அழணும்? பசிச்சா தானா அழுவான். இரு.”

முடிவு இரண்டில் வாட்ச் அதிரவில்லை. அதை எழுதக் கை வரவில்லை. முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவனை அழ மட்டும் வைக்காதீர்கள்.

நாளை: ஆறு மணிக்கு, குல்ஷன் எழுவதற்குள் தொட்டிலருகே உட்கார வேண்டும். அவள் கையில் வாட்ச் இருக்கிறதா பார்க்க வேண்டும். அவன் அழுதால், நான் தூக்கக் கூடாது. பதினொன்றுக்கு மச்சான் வருகிறார்.