குளம்பில்லாத ஒட்டகச்சிவிங்கி

மூன்று வருஷமாக இன்ஸ்பெக்டரம்மா பார்த்து வந்தது மனித குலத்தின் நடுப்பகுதியை மட்டும்தான். முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை முடிந்து சக்கர நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து, உலகம் அவர் முன்னால் பெல்ட்டாகவும் தொப்பையாகவும், எந்த நேரமும் தெறித்து விழலாம் என்று நிற்கிற சட்டைப் பொத்தானாகவும்தான் வந்து போனது. தெருவில் யார் வந்தாலும் முகத்தை நிமிர்ந்து பார்க்கும் முன்பே, தொப்பையை வைத்து ஆளைச் சொல்லிவிடுவார். பால்காரருடையது காலையில் சிறிதாகவும் சாயங்காலம் பெரிதாகவும் இருக்கும் என்பது வரைக்கும் அவருக்குக் கணக்கு உண்டு.

அவருடைய ஆசை ஒன்றே ஒன்றுதான். ஒரு தடவை மேலே போக வேண்டும். மேலே போய், கீழே நடமாடுகிற உச்சந்தலைகளை ஆற அமரப் பார்க்க வேண்டும். "சாமி தரிசனமெல்லாம் வேணாங்க. நாலு வழுக்கை தரிசனம் கிடைச்சா போதும்" என்று புருஷனிடம் சொல்லிச் சொல்லி அவர் காதைக் கரைத்து வைத்திருந்தார்.

புருஷன் டெய்லர். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்கிற ரகம். இருட்டில் பல்பைத் தடவுகிற மாதிரி பட்டப்பகலில் தடவுவார். கழுத்தில் தொங்கும் அளவு டேப்பைக் குளிக்கும்போது மட்டும் கழற்றுவார் என்று ஊர் சொல்லும், அதுவும் சந்தேகம்தான். இவர்கள் கல்யாணக் கதையே தனி. எடையளவுத் துறையில் புதிதாகச் சேர்ந்த இன்ஸ்பெக்டரம்மா, முதல் வேட்டையாக டெய்லர் கடைக்குள் நுழைந்து, அவருடைய மீட்டர் கோலில் அரை சென்டிமீட்டர் குறைகிறது என்று கையும் கோலுமாகப் பிடித்தார். டெய்லர் அன்றைக்குத் தலை குனிந்தவர்தான், இரண்டு மாதம் கழித்து மாலை போட்டுக்கொள்ளத்தான் நிமிர்ந்தார். அதற்கப்புறம் முப்பத்து நாலு வருஷம் அந்தம்மா சந்தையில் கால் வைத்தால் தராசெல்லாம் தானாக நேரே நிற்கும் என்பார்கள்.

அப்படிப்பட்டவர்கள் கண்ணில் அந்த விளம்பரம் பட்டது. ஊருக்கு வெளியே புதிதாகப் புதுப்பித்த கேளிக்கைப் பூங்கா. சக்கர நாற்காலியில் ஒரு பெண்மணி இரண்டு கையையும் தூக்கிச் சிரிக்கிறார். கீழே, 'எல்லோருக்கும் எல்லாம்' என்று கொட்டை எழுத்து. டெய்லர் போன் போட்டுக் கேட்டதற்கு, "தாராளமா வாங்க சார், ராட்டினத்துல கூட ஏறலாம்" என்று ஒரு தேன்குரல் சொன்னது. ராட்டினம் என்ற சொல்லுக்கே டெய்லர் கண்ணை மூடிக்கொண்டார். ஆனாலும் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு டிக்கெட்டுக்குச் சொல்லி வைத்தார்.

பூங்கா வாசலில் ஒரு சாய்வுப் பாதை இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, பளிங்கில் இழைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் பித்தளைக் கைப்பிடி, ஓரத்தில் பூச்செடி. இன்ஸ்பெக்டரம்மா ராஜ நடையாய் உருண்டு மேலே போனார். அங்கே பாதை முடிந்துவிட்டது. எதிரே பூங்காவின் பெயர் எழுதிய சுவர். அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டு, வந்த வழியே இறங்க வேண்டியதுதான். பூங்காவுக்குள் போகிற வழி பக்கத்தில், மூன்று படி ஏறி இருந்தது. காவலாளிகள் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்து, இது தினமும் நடப்பதுதான் என்று ஆறுதல் வேறு சொன்னார்கள்.

உள்ளே மாற்றுத்திறனாளிகள் கழிப்பறையும் இருந்தது. கதவைத் திறந்தால் பன்னிரண்டு துடைப்பம், நாலு வாளி. பீங்கான் மேல் குழந்தைகளுக்குக் கைகாட்டுகிற கரடி வேஷத்தின் தலை மட்டும் உட்கார்ந்து இவர்களைப் பார்த்துச் சிரித்தது. "ஆள் இருக்காங்கம்மா" என்று டெய்லர் மரியாதையாகக் கதவைச் சாத்தினார்.

இதற்கெல்லாம் அசருகிறவரா இன்ஸ்பெக்டரம்மா? அவர் கண் முழுக்க ராட்டினத்தின் மேல் இருந்தது. அது மேகத்தைக் கிழித்துக்கொண்டு நின்றது. உச்சிக்குப் போகிறவர்கள் கீழே வருவதற்குள் நகம் வளர்ந்துவிடும் போலிருந்தது. நாற்காலி தாராளமாக நுழைகிற அளவுக்குக் கதவு வைத்த கண்ணாடிக் கூண்டுகள். வரிசையின் முன்னால், ஓரம் முழுக்க சென்டிமீட்டர் குறித்த ஒரு உயரமான பலகை. அதில் நெட்டையாக ஒரு ஒட்டகச்சிவிங்கி வாலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த வாலுக்கு நேரே கோடு: 'உயரம் நூற்று முப்பது சென்டிமீட்டருக்குக் குறைந்தவர்கள் ஏறக்கூடாது.'

ராட்டினக்காரர் சட்டத்தை உப்புப் போட்டு விழுங்கிய மனுஷன். சட்டைப் பையில் விதிப்புத்தகம். இன்ஸ்பெக்டரம்மாவைப் பார்த்ததும் அதை எடுத்து எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார். சக்கர நாற்காலி பற்றி அதில் ஒரு வரி இல்லை. வெறுங்காலோடு ஏறக்கூடாது, நாயோடு ஏறக்கூடாது, அழுதுகொண்டே ஏறக்கூடாது என்பதெல்லாம் இருந்தது.

"நடுவுல நின்னுட்டா எறங்க முடியுமாம்மா?" என்று கேட்டார்.

"மத்தவங்கல்லாம் எப்படி எறங்குவாங்க? குதிச்சா?"

அவர் யோசித்தார். கரண்ட் போனால் கையால் சுற்றித்தான் எல்லாரையும் இறக்குவார்கள். அதில் நடக்கிறவர், உருள்கிறவர் என்ற பேதம் கிடையாது. மனுஷனிடம் மிச்சமிருந்தது ஒட்டகச்சிவிங்கி ஒன்றுதான். நாற்காலியை அதன் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார். இன்ஸ்பெக்டரம்மா முதுகை நிமிர்த்தினார். உட்கார்ந்தபடியே நூற்று முப்பத்திரண்டு.

"தாராளமா ஏறலாம்" என்று ராட்டினக்காரர் சொன்னார்.

விதி அவ்வளவு சுலபமாக வழிவிடும் என்று இன்ஸ்பெக்டரம்மா எதிர்பார்க்கவில்லை. மூன்று வருஷ ஏக்கம் கைக்கெட்டும் தூரத்தில். அந்த நேரம் பார்த்து, அந்தப் பாழாய்ப்போன கண் பலகையின் அடியில் போய் விழுந்தது. ஒட்டகச்சிவிங்கிக்கு நாலு கால் இருந்தது, குளம்பு இல்லை.

வேறு யாராவது என்றால் ஓவியருக்குக் குளம்பு வரையத் தெரியவில்லை என்று போயிருப்பார்கள். முப்பத்து நாலு வருஷ வியாதி அப்படி விடுமா? புதுப்பித்தபோது தரையில் புது ஓடு பதித்திருக்கிறார்கள். பலகையை யாரும் தொடவில்லை. குளம்பு ஓட்டுக்கு அடியில் போய்விட்டது. தரை மேலே வந்தால் நிற்கிறவனும் மேலே வருவான், கோடு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அவர் கைப்பையில் இருந்த இரும்பு டேப்பை உருவித் தரையில் ஊன்றினார். நூற்று முப்பது என்று எழுதிய கோடு, உண்மையில் நூற்று இருபத்து நாலில் நின்றது.

டெய்லருக்கு அந்த டேப் கிறீச்சிடும் சத்தம் பழக்கம். அவர் மனைவியின் காதருகே குனிந்தார்.

"இன்ஸ்பெக்டரம்மா, உன் கால்ல விழறேன். இன்னைக்கு ஒரு நாளாவது ரிட்டயர்டு ஆயிடு."

அவரும் ஆகத்தான் பார்த்தார். டேப்பைச் சுருட்டிப் பைக்குள்கூடப் போட்டுவிட்டார். ஆனால் அவர்களுக்கு அடுத்து, உச்சிக்குடுமி கட்டிய ஒரு சின்னப் பெண் பலகையில் போய் நின்றாள். நூற்று முப்பத்தொன்று. உள்ளே போகச் சொன்னார்கள். நிஜ உயரம் நூற்று இருபத்தைந்து. கூண்டின் பாதுகாப்புக் கம்பி அவளுக்கு நெஞ்சில் இருக்காது, கழுத்துக்கு வரும். வாயை மூடிக்கொண்டால் தான் ஏறலாம், அவளும் ஏறுவாள். வாயைத் திறந்தால் அவளும் ஏற முடியாது, தானும் ஏற முடியாது. இன்ஸ்பெக்டரம்மா ஒரு பெருமூச்சு விட்டார். அந்தக் காற்றில் ராட்டினமே அரை சுற்றுச் சுற்றியிருக்கும்.

"அய்யா, அந்தக் கொழந்தைய எறக்குங்க. உங்க அளவு தப்பு."

பிறகு நடந்ததைச் சொல்லி மாளாது. குழந்தை வீரிட்டது. குழந்தையின் அம்மா இன்ஸ்பெக்டரம்மாவைப் பார்த்த பார்வையில் பச்சை மரம் பற்றியிருக்கும். டேப்பைத் தன் கையால் வைத்துப் பார்த்த பிறகுதான் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். சத்தம் கேட்டு மேலாளர் ஓடி வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் வாக்கிடாக்கி, ஒரு முடிகூட விலகாமல் படிய வாரிய தலை. பலகை என்றைக்கிலிருந்து இப்படி என்று இன்ஸ்பெக்டரம்மா கேட்டதும் முதலில் அவருக்கு வேர்த்தது. அப்புறம் ஏதோ கணக்குப் போட்டவர் முகம் மலர்ந்தது.

"அப்படின்னா மேடம், நீங்களும் நூத்தி இருபத்தாறுதான். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

தன் வாயாலேயே கெட்டது தவளை மட்டும்தானா? மேலாளர் பெரிய மனசு பண்ணி, இன்ஸ்பெக்டரம்மாவின் மணிக்கட்டில் மஞ்சள் நாடா ஒன்றைக் கட்டப் போனார். குழந்தைகளுக்கான நாடா. அதைக் கட்டிக்கொண்டால் வாத்து ராட்டினத்தில் எத்தனை சுற்று வேண்டுமானாலும் போகலாமாம். வாத்து தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சுற்றும். பெரியவர் ஒருவர் துணைக்கு வர வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனையாம். வாத்து என்றதும் டெய்லர் முகத்தில் முதல் தடவையாக வெளிச்சம் வந்தது.

இன்ஸ்பெக்டரம்மா மணிக்கட்டை இழுத்துக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை. சந்தையில் தராசுக்காரர்கள் அதிகம் பயந்தது அந்தக் குரலுக்குத்தான்.

"துணிக்கடையில மடிச்சு வச்ச துணிய மடிப்போடயே அளந்து, இவ்வளவுதான் நீளம்பாங்களா தம்பி?"

"இல்ல மேடம்..."

"நான் மடிஞ்சு உக்காந்திருக்கேன். அவ்வளவுதான். பிரிச்சு அளங்க."

அவரை எப்படிப் பிரிப்பது என்று மேலாளர் விழித்தார். டெய்லர் வாத்தை நினைத்தார், வானத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். கழுத்திலிருந்து டேப்பை உருவினார். நாற்பது வருஷமாக ஊரையே உட்கார வைத்தும் நிற்க வைத்தும் அளந்த கை அது. குனிந்து, குதிகாலிலிருந்து முழங்கால் வரை வைத்தார்: நாற்பத்தாறு. முழங்காலிலிருந்து இடுப்பு: நாற்பது. இடுப்பிலிருந்து உச்சந்தலை: எழுபத்திரண்டு. ஒவ்வொன்றையும் கடையில் சொல்வது மாதிரி உரக்கச் சொல்ல, ராட்டினக்காரர் விதிப்புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக் கூட்டினார்.

"நூத்தி அம்பத்தெட்டு சார்."

"யோவ், நிக்கறப்ப அளக்கறதுதான்யா உயரம்" என்றார் மேலாளர்.

ராட்டினக்காரர் புத்தகத்தைத் திறந்து, மறுபடி மறுபடி படித்தார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து மேலாளரை எதிர்த்து ஒரு தும்மல்கூடப் போடாத மனுஷன்.

"இதுல நின்னுகிட்டுன்னு எழுதல சார். உயரம்னுதான் போட்டிருக்கு. விதி விதிதான்."

வரிசையில் யாரோ கைதட்டினார்கள். மேலாளர் கடைசி அம்பை எடுத்தார். கூண்டு மேடைக்கு ஏழு படி. தூக்கிக்கொண்டு ஏறுவது பாதுகாப்பு இல்லை. வேறு வழியும் இல்லை. அவருக்கே மிகவும் வருத்தம்.

இன்ஸ்பெக்டரம்மா மேடையின் பின்பக்கம் கையை நீட்டினார். அங்கே ஒருவர் குளிர்பானப் பெட்டிகளைக் கழுத்தளவு அடுக்கிய தள்ளுவண்டியை, ஒரு புட்டிகூடக் குலுங்காமல் அகலமான சாய்வுப் பாதையில் தள்ளிக்கொண்டு மேடைக்குப் போய்க்கொண்டிருந்தார். பளிங்கு இல்லை, பித்தளை இல்லை, பூச்செடி இல்லை. ஆனால் அந்தப் பாதை போக வேண்டிய இடத்துக்குப் போனது.

"அது சரக்குக்கு மட்டும் மேடம்."

"அப்ப என்னைச் சரக்குன்னு எழுதிக்குங்க."

எழுதினார்கள். நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். சரக்குப் பதிவேட்டில் குளிர்பானம் இருபது பெட்டிக்குக் கீழே, 'அம்மா, ஒன்று, சேதமில்லை' என்று ராட்டினக்காரரின் கையெழுத்தில் இருக்கிறது. துணைக்கு வந்த டெய்லரை எதில் சேர்ப்பது என்று கேட்டதற்கு, உடையும் பொருள் என்று போடச் சொன்னார் இன்ஸ்பெக்டரம்மா.

கூண்டு கிளம்பியது. டெய்லர் தரையை விட்டு ஒரு முழம் எழும்பும் முன்பே கண்ணை மூடியவர், நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டு, தெரியாததற்கும் சொல்லியனுப்பினார். இன்ஸ்பெக்டரம்மா கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டார். பெல்ட்டுகள் கீழே போயின. தொப்பைகள் மறைந்தன. முகங்கள் வந்து, அவையும் கீழே போய், அப்புறம் உச்சந்தலைகள் வரத் தொடங்கின. வகிடு எடுத்தவை, எடுக்காதவை, சாயம் அடி மயிர் வரை எட்டாதவை. வாத்து ராட்டினத்தில் ஒரு உச்சிக்குடுமி சிரித்துக்கொண்டே சுற்றியது. பக்கத்தில் அதன் அம்மா. மூன்று வருஷம் பார்க்காததையெல்லாம் சேர்த்துப் பார்ப்பவர் போல அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்ணில் கொஞ்சம் தண்ணீர் வந்தது. உயரத்தில் காற்று அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம், கூண்டு கண்ணாடியால் மூடியிருந்தாலும்.

உச்சியில் கூண்டு நின்றது.

கீழே ஒட்டகச்சிவிங்கிப் பலகை தீப்பெட்டி அளவில் தெரிந்தது. கூட்டம் கலைந்திருந்தது. மேலாளர் மட்டும் தனியாக நின்றார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். யாரும் இல்லை என்று உறுதியானதும் பலகையில் முதுகைச் சாய்த்து, தலைமேல் உள்ளங்கையை வைத்து, அப்படியே திரும்பித் தன் உயரத்தைப் படித்தார். அப்புறம் மெல்ல விரல் விட்டு ஆறு கழித்தார். தோள் இரண்டும் தொங்கிப்போயின. அவர் தலையைக் குனிய, படிய வாரிய முடி காற்றில் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டது; அடியில் பளபளவென்று ஒரு வட்டம் வெயிலில் மின்னியது.

டெய்லர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"என்ன தெரியுது?"

"பேசாம இருங்க" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "தரிசனம் ஆயிட்டிருக்கு."