சர்வருக்குப் போட்ட மாலை

1

இந்தக் கதை ஒரு கைப்பிடிப் பொரியில் தொடங்கியது. போன ஆயுத பூஜைக்குத் திருவரங்குளம் பக்கம் ஒரு மாட்டுத்தீவன மில்லுக்குப் போயிருந்தேன். எல்லாரும் பொரிகடலையை மென்றுகொண்டிருக்க, ஒரு பெண் மட்டும் கையில் வாங்கியதைத் தின்னாமல், சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்த ஒரு கம்ப்யூட்டர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது பக்தி இல்லை, பயம். யார் என்ன என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் கதை எழுத வேண்டிய வேலையே இருந்திருக்காது. ஆகவே இனி வருவதெல்லாம் என் கற்பனை. அந்தப் பயம் மட்டும் நிஜம்.

2

முதல் தொடக்கம்: "செவந்தி பட்ஜெட் தாளை எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குள் நுழைந்தபோது" [வேண்டாம். பட்ஜெட் என்றதும் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.]

இரண்டாவது: "சர்வர் என்பது ஒரு நிறுவனத்தின் இதயம், அது நின்றுவிட்டால்" [சீ. இதயம் கிதயம் எல்லாம் விற்க வருகிறவர் பேசுகிற பேச்சு.]

நேராகவே சொல்லிவிடுகிறேன். மில்லின் கம்ப்யூட்டர் வேலை முழுக்க செவந்தியின் பொறுப்பு. பில், சரக்கு, அன்னவாசல், மீமிசல் கிளைகளின் கணக்கு, ஆட்களின் வருகைப் பதிவு எல்லாமே ஒரே பழைய சர்வரில். அதில் ஒன்றுக்கொன்று துணையாக இரண்டு டிஸ்க் உண்டு. ஒன்று செத்துவிட்டது. மற்றது முனகிக்கொண்டே சுற்றுகிறது. ஓடுகிற வரை ஓடும். ஒரு தடவை நிறுத்தினால் மறுபடி கிளம்புமா என்பது சந்தேகம்தான்.

3

அதனால் ஆடி மாதமே புது சர்வருக்குத் திட்டம் போட்டாள். முதலாளி வயிரவன் தாளைப் பார்த்தார்.

"என்னாத்தா இது, சர்வருங்கற, பேட்டரிங்கற, தனியா பேக்கப்புங்கற. தீவாளி போனஸ் வேற வருது. மூணுல ஒண்ணைக் கொறைச்சுக் கொண்டா, இன்னைக்கே கையெழுத்துப் போடுறேன்."

[இவரைக் கஞ்சனாக்கத்தான் நினைத்திருந்தேன். எழுத எழுத மனிதர் மடங்கவில்லை. ஆட்களுக்குப் போனஸை ஒரு வருஷமும் தள்ளிப்போடாதவரை எப்படிக் கஞ்சன் என்பது?]

புது சர்வர் பூஜைக்கு முன்னாலேயே வந்துவிடும், வந்த அன்றே எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டாள் செவந்தி. பேனாவை எடுத்து, கணக்குகளுக்குத் தனி நகல் எடுத்துவைக்கும் பேக்கப் என்ற வரியைத் தானே அடித்தாள்.

"இதுனால ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகாது சார். நான் பாத்துக்கிறேன்."

அந்த வார்த்தையை அவள் சொல்லியிருக்கவே கூடாது. அழித்துவிடலாமா என்று எனக்குக்கூடத் தோன்றியது. அழித்தால் கதை இல்லை.

புது சர்வர் சொன்னபடி வந்து இறங்கியது. செவந்தி பிரிக்கப் போனபோது வயிரவன் தடுத்தார். "இருக்கட்டும் ஆத்தா. பூசையில வச்சு, விசயதசமியன்னைக்குப் பிரிப்போம். நல்ல காரியம் நல்ல நாள்ல தொடங்கட்டும்."

விஜயதசமிக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. அன்று பூஜை முடிந்ததும் மில்லில் எல்லா மிஷினுக்கும் ஓய்வு. சர்வரையும் வருஷா வருஷம் அணைப்பதுதான். அப்போதெல்லாம் இரண்டு டிஸ்க்கும் நன்றாக இருந்தன. இந்த வருஷம் பழையது முதலில் நிற்கும், புதியது மறுநாள்தான் பெட்டியைவிட்டு வெளியே வரும். எல்லாச் செலவையும் எழுதியவள் காலண்டரை மறந்துபோனாள். பழைய சர்வரில் இருந்த கணக்குகளைத் தன் லேப்டாப்பில் எடுத்து வைத்துக்கொள்ளப் பார்த்தாள். பாதியில் நின்றது. மறுபடி தொட்டால் இருப்பதும் போய்விடுமோ என்று விட்டுவிட்டாள்.*

* முதலாளியிடம் அப்போதே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நானும் கேட்டேன். "பாத்துக்கிறேன்னு சொன்னது நாந்தானேங்க" என்றாள்.

4

பூஜை முடிந்தது. சூடத்தட்டு சுற்றி வந்தது. சர்வருக்குப் போட்ட செவ்வந்தி மாலையிலிருந்து இதழ்கள் காற்றோட்ட ஓட்டைக்குள் போயிருந்தன. அவள் ஒவ்வொன்றாக நிமிண்டி எடுத்தாள்.

எலெக்ட்ரீசியன் நாகராசு வாய் நிறையப் பொரியோடு வந்தான். "செவந்திக்கா, மெயினை எறக்கவா? அப்புறம் ஒண்ணு, இந்த வருசம் நான் லீவே போடல. போனஸ் போடுறப்ப பாத்துப் போடுங்க. எல்லாம் அதுக்குள்ளதான இருக்கு?"

"ஆமா" என்றாள்.

5

முடிவு ஒன்று: மெயினை இறக்குகிறார்கள். மறுநாள் சர்வர் சமர்த்தாகக் கிளம்புகிறது. யாருக்கும் எதுவும் தெரியாது. [நடக்கக்கூடியதுதான். ஆனால் அப்படி எழுதினால் அடுத்த தடவையும் அவள் பேக்கப்பைத்தான் அடிப்பாள்.]

முடிவு இரண்டு: கிளம்பவில்லை. நாகராசு வந்து [எழுத மனசு வரவில்லை. எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. ஒன்றைக் குறைக்கச் சொன்னவரை விட்டுவிட்டு அவளை மட்டும் தண்டிப்பது என்ன நியாயம்?]

மூன்றாவதை எழுத உட்கார்ந்தேன்.

"சார், சர்வர் மட்டும் ஓடட்டும்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வயிரவன் சிரித்தார். "ஏன் ஆத்தா? அதுக்கும் ஒருநா ஓய்வு வேணாமா?"

அவள் சிரிக்கவில்லை. அவர் முகத்திலிருந்த சிரிப்பும் மெல்லப் போனது. "ஏன்?" என்று மறுபடி கேட்டார்.

இங்கே பேனாவைக் கீழே வைக்கிறேன். பதில் சொன்னால் வேலை போகலாம், மானம் போகலாம், ஒன்றுமே போகாமலும் இருக்கலாம். வயிரவனைப் படைத்த எனக்கே அவர் என்ன சொல்வார் என்று தெரியவில்லை. நீங்களும் எங்காவது யாரிடமாவது "நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லியிருப்பீர்கள். அதனால் மிச்சத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நாகராசுவின் கை மெயின் சுவிட்சில் இருக்கிறது. நான் முற்றுப்புள்ளி வைக்காதவரை அவன் அதை இறக்க முடியாது. டிஸ்க் முனகுகிறது. செவந்தி கையிலிருந்த பொரியைக் கீழே வைத்துவிட்டு முதலாளியை நிமிர்ந்து பார்த்து, "சார், அன்னைக்கு அந்தப் பேக்கப்ப நான்" என்று