கூடையைப் பார்த்த கெமரா

நான் கொழுந்து திருடியவன் இல்லை; கொழுந்து போட்டவன். இரண்டும் ஒன்றில்லை என்று இராக்கம்மா அக்காவுக்கு யார் சொல்லிப் புரியவைப்பது?

என் மனைவி ஜீவராணி எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பதில் முதல் ஆள். அப்புத்தளைக்குக் கீழே நாலு மலையில் அவளுக்கு ஈடு கிடையாது. நான் அதே தோட்டத்தில் மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிறவன். ஆண்களுக்கு இரண்டு மணியோடு வேலை முடிந்துவிடும். மற்றவர்கள் போல லயத்து வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுக்காமல், வருகிற வழியில் இரண்டு கை கொழுந்தைப் பறித்து, ராணிக்குப் பின்பக்கமாகப் பதுங்கிப் போய், அவள் முதுகுக் கூடையில் போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிவிடுவேன். ஒரு நாளைக்கு மூன்று தடவை. பதினொரு வருடமாக இது நடக்கிறது. அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். அவளுடைய ரோஷம் அப்படி.

போன மாதம் மடுவக் கொட்டகையில் கொழுந்து நிறுக்கும்போது வந்தது வினை. இராக்கம்மா அக்கா பக்கத்து நிரைக்காரி, அடுத்த செடி வரிசையில் எடுக்கிறவள். வாய்க்கு லீவே கொடுக்காதவள். எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

"நாலு கை சேந்து எடுத்தா நானுந்தான் மொத ஆளா வருவேன். கஜேந்திரன் கூடையில போடுறத இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்."

ராணி கூடையைக் கீழே வைத்தாள். "என் கூடையில இருந்து தராசுக்கு வர்றது நான் எடுத்த கொழுந்து மட்டுந்தான். வேற ஆள் கொழுந்து ஒரு பிடி வந்துச்சுன்னு காட்டுங்க, என் நிரைய உங்களுக்கே விட்டுட்டு கடைசி நிரைக்குப் போறேன்."

அந்த முதல் நிரை அவள் கை வேகத்தால் வாங்கிய நிரை. அது போனால் அவள் மனது விட்டுப்போகும்.

"சும்மா சண்ட போடாதீங்கம்மா, சாட்சி இருந்தா கொண்டு வாங்க" என்றார் கணக்கப்பிள்ளை வீரசிங்கம்.

"கொண்டு வாறேன்" என்றாள் ராணி.

சாட்சி அவள் தம்பி ரஜீவிடம் இருந்தது. ரஜீவ் பண்டாரவளையில் ஆட்டோ ஓட்டுகிறவன். எல்ல ஊருக்குப் போகும் ரயிலைப் படம் பிடித்துப் பெரிய ஆளாகிவிடலாம் என்று தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கெமரா வாங்கினான். முதல் நாளே ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, ரயில் கார்டிடம் திட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு, அதோடு விட்டுவிட்டான்.

"தாராளமா எடுத்துக்கக்கா. ஆனா வெறும் கெமராதான். மாட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல. இங்க கெமராச் சாமான் விக்கிற ஜௌபர் கடையில கேளுங்க."

ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளைக்குப் போனோம். வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனைதான். என் கை படத்தில் விழாத சாமான் எதுவோ அதை அவள் வாங்க வேண்டும்.

ஜௌபர் ஒரு பெட்டியையே கண்ணாடி மேசை மேல் கொட்டினார். ராணி முதலில் நெஞ்சுப் பட்டியைக் கட்டிப் பார்த்தாள். கழற்றிவிட்டாள்.

"நாங்க செடிக்குள்ள நெஞ்ச அழுத்திக்கிட்டு நிப்போம். இது இலைய மட்டுந்தான் பிடிக்கும்."

"அப்ப கையில கட்டுறது?" என்றார் ஜௌபர்.

"கை நிக்கவே நிக்காதுங்க. அந்தப் படத்தப் பாக்குறவங்களுக்கு தல சுத்தும்."

கார்க் கண்ணாடியில் ஒட்டுவதை அவள் தொடவேயில்லை. நீளக் கம்பைப் பார்த்து, "இத யார் பிடிக்கிறது, இராக்கம்மா அக்காவா?" என்றாள். இதுதான் சமயம் என்று, மஞ்சள் நிறத்தில் உருண்டையாக இருந்த ஒரு கைப்பிடியை நான் தூக்கிக் காட்டினேன்.

"இத வாங்குவோம் ராணி. தண்ணியில விழுந்தாலும் மிதக்குமாம்."

"நம்ம மலையில எங்கங்க கடல் இருக்கு?"

"மழ பெய்யுதுல்ல."

ஜௌபர் நல்ல மனுசன், வியாபாரம் கெட்டாலும் உண்மையைச் சொன்னார். "அண்ணே, அது உங்களுக்கு வேண்டாம். இன்னொரு பெட்டரி எடுங்க, பெரிய மெமரி கார்ட் எடுங்க. இந்த ரெண்டும் இல்லாட்டி மத்ததெல்லாம் வீண். அப்புத்தளை மிஸ்டு மூட்டத்துக்கு கவருக்குள்ள ஈரம் உறிஞ்சிற தாள் ஒண்ணு வைக்கணும், இல்லாட்டி படம் பூரா புகைதான்."

அதையெல்லாம் எடுத்து வைத்துவிட்டு ராணி கடைசியாகத் தலைப்பட்டியைப் போட்டுப் பார்த்தாள். நெற்றியில் கெமரா உட்கார்ந்தது.

"கூடக் கயிறு மாதிரியே இருக்கு. இது போதும்."

நான் அவளைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்தேன். கெமரா முன்னால் பார்க்கிறது. கூடை பின்னால் இருக்கிறது. குலதெய்வமே வந்து காப்பாற்றிய மாதிரி இருந்தது. "இத விட நல்ல சாமான் கிடையாது!" என்றேன். அந்தச் சந்தோஷத்தில் மஞ்சள் கைப்பிடியையும் சேர்த்து வாங்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை சாட்சி நாள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கெமராவைப் போட்டுவிட்டதாக ராணி போனில் சொன்னாள். "இன்னைக்கு இந்தப் பக்கம் வராதீங்க" என்றும் சொன்னாள். வராமல் இருப்பேனா? அன்றைக்குத்தானே கிலோ கூட வேண்டும்! மலை முழுக்க மிஸ்ட் இறங்கியிருந்தது. செடிக்குக் கீழே குனிந்தபடி போனேன். கூடையின் அடி மட்டும் தெரிந்தது. கையைத் தூக்கிக் கொழுந்தைப் போட்டேன். மூன்று தடவை. மூன்றாம் தடவை, சரியாக விழுந்ததா என்று லேசாக எட்டியும் பார்த்தேன்.

நாலரை மணிக்கு மடுவத்தில் கூட்டம். ரஜீவ் ஆட்டோவில் வந்து, கெமராவில் இருந்ததைத் தன் போனுக்கு மாற்றிப் போட்டுக் காட்டினான். நான் கைகட்டி முன்வரிசையில் நின்றேன்.

படத்தில் ராணியின் கை இல்லை. செடியும் இல்லை. கூடையின் வாய் இருந்தது. அதற்குப் பின்னால் வெள்ளையாக மிஸ்ட்.

"என்னக்கா இது, பின்பக்கம் பிடிச்சிருக்கு?" என்றான் ரஜீவ்.

"கூடக் கயிறு நெத்தியிலதானே வரும்? கெமரா குத்துச்சு. பட்டியத் திருப்பிப் போட்டுக்கிட்டேன். எப்படிப் போட்டாலும் தலையில தானே இருக்கு?"

ஜௌபர் அத்தனை சாமான் விளக்கினார். எங்கள் பெண்கள் நெற்றியில் கூடைக் கயிறு வரும் என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ரஜீவ் படத்தை ஓட்டினான். ராணியின் தோளுக்கு மேலே கொழுந்து பறந்து வந்து கூடையில் விழுந்தது. பிறகு கீழிருந்து ஒரு கை வந்தது. என் கை. கான் வெட்டிய சேறுகூடக் கழுவாத கை. இரண்டாவது தடவையும் வந்தது. மூன்றாவது தடவை கையோடு என் முகமும் எழும்பி வந்து போனை நிறைத்தது. மூக்கு மட்டும் கத்தரிக்காய் அளவில் இருந்தது. மடுவமே சிரித்தது.

"பாத்தீங்களா! நான் சொன்னப்ப யார் நம்புனீங்க?" என்று இராக்கம்மா அக்கா குதித்தாள். ராணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதினொரு வருடமாக அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்து, ஒரே நாளில் அவள் மானத்தைக் கெடுத்துவிட்டேனே என்று நான் செத்துப் போனேன்.

"கொஞ்சம் இருங்க, படம் இன்னும் முடியல" என்றார் கணக்கப்பிள்ளை. "அந்த மொதத் தடவையத் திரும்பப் போடு தம்பி."

ரஜீவ் போட்டான். என் கை போன பிறகு, மேலிருந்து இன்னொரு கை தோளைத் தாண்டிப் பின்னால் வந்தது. வளையல் போட்ட கை. அது கூடைக்குள் துழாவி, நான் போட்டதை அப்படியே அள்ளிச் செடிக்குள் வீசியது. இரண்டாவது தடவையும் அதே. மூன்றாவது தடவையும் அதே. ஒரு இலைகூட மிஞ்சவில்லை.

கணக்கப்பிள்ளை போனைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தார். "முத்தலும் காம்புமா இருக்கு. இத தராசுல போட்டா நான் பாதி கழிச்சிருப்பேன். கஜேந்திரா, நீ கானே வெட்டு."

இராக்கம்மா அக்கா வாயை மூடினாள். முதல் தடவையாகப் பார்த்தேன். ராணியின் கூடையை நிறுத்தார்கள். அன்றைக்கும் அவள்தான் முதல்.

லயத்துக்குத் திரும்பும்போது நான் கெமரா பெட்டியைச் சுமந்துகொண்டு பின்னால் நடந்தேன். கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டேன்.

"எப்ப இருந்து ஒனக்குத் தெரியும்?"

"மொத நாளே தெரியும். கூட கனம் கூடுனா நெத்திக்குத் தெரியாதா?"

"பதினோரு வருசமும் வீசிட்டியா?"

"பின்ன? அந்தக் குப்பையத் தராசுக்குக் கொண்டு போகச் சொல்றீங்களா?"

"அத எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

ராணி திரும்பாமலே நடந்தாள். "சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டீங்க."

பெட்டிக்குள் அந்த மஞ்சள் கைப்பிடி நடக்க நடக்கக் கடகடவென்று உருண்டது. பாலத்துக்கிட்டே வந்ததும் அவள் நின்றாள்.

"நாளைக்கும் ரெண்டு மணிக்கு வாங்க. வெறுங்கையோட வாங்க."