கழுவாத குப்பி

காஸி அன்று கூட்டத்துக்கு வந்த தோரணையைப் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துனிஸில், எங்கள் ஆய்வுக்கூடத்தில், என் பக்கத்து மேசைக்காரன் அவன். ஒரு கையில் ஹரிஸா மிளகாய் விழுது வழியும் ஃப்ரிக்கஸே ரொட்டி, மறு கையில் மடிக்கணினி. திரையில் ஒளிக்கோடு ஜிவ்வென்று மேலே ஏறியிருந்தது.

“தோர்ராவோட புரதம் ரெண்டு சவ்வையும் முழுசா ஒண்ணாக்குது, சீ லமீன். பாதியில நின்னுடும்னு இவ எழுதினது தப்பு” என்று என்னைக் காட்டிப் பேராசிரியரிடம் சொன்னான். ‘சீ’ என்றால் எங்கள் ஊரில் ‘ஐயா’.

நான்கு வருடமாக நான் சொல்லிவந்தது ஒன்றுதான். நான் நறுக்கிய புரதம் இரண்டு கொழுப்புக் குமிழிகளை இழுத்து நெருக்கும். அவற்றின் சவ்வில் வெளிப்படலங்கள் கலக்கும், உட்படலங்கள் கலக்காது. அடுத்த வாரம் முனைவர் பட்டத் தேர்வு. இவன் கோடு சரியென்றால் என் ஆய்வேடு குப்பைக்குத்தான்.

“புரதம் போடாம ஓட்டிப் பாத்தியா?”

“தோக்கறவங்க கேக்கற கேள்வி இது, தாயே.”

“வாயை மூடிட்டு ஓட்டு!”

“சந்தைக்கடையா இது?” என்றார் பேராசிரியர் சீ லமீன். “ஓட்டிக் காட்டு, காஸி.”

முதலில் அளவிடும் குப்பியில் புரதத்தோடு ஓட்டினான். கோடு ஏறியது. கடைசியில் எல்லோரும் செய்வதுபோல, எல்லாக் குமிழிகளையும் உடைத்து முழு ஒளியைப் பார்க்கச் சோப்புக் கரைசலை ஊற்றினான். கையுறைகூட இல்லை, துரைக்கு. பிறகு குப்பியைக் குழாயில் காட்டி ஒரு உதறு. அவ்வளவுதான் கழுவல்! அதிலேயே புரதமில்லாமல் புதுக் குமிழிகளை விட்டான்.

குமிழிக்குள் அடைத்த சாயம் நெருக்கியடித்துக் கிடக்கும்வரை மங்கலாக இருக்கும்; குமிழிகள் முழுசாக ஒன்றானாலோ உடைந்தாலோ பரவி ஒளிரும். புரதமே இல்லை. ஆனாலும் கோடு ஏறியது.

“சோப்பு மிச்சம் இருக்கு! குமிழி எதுவும் கலக்கல, உடைஞ்சிருக்கு. இதைத்தான் தூக்கிட்டு வந்தியா?”

குப்பியைப் பிடுங்கி, ஆல்கஹாலாலும் நீராலும் மாறிமாறி நானே கழுவினேன். புரதத்தோடு மறுபடி ஓட்டினேன். கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. என் நான்கு வருடம் பிழைத்தது. அவன் முகம் செத்ததைப் பார்த்து எனக்கு இனித்தது, அதை மறைக்கவும் இல்லை.

“போதும். ஒரே மேசையில வேலை செய்யறவங்க, கை குடுத்துக்குங்க” என்றார் சீ லமீன்.

காஸி பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினான். பிடித்தேன். வழவழவென்று சோப்பு.

“இதையாவது ஒழுங்கா கழுவிட்டு வா” என்றேன்.