நாலு சுவரும் ஒரு ஷட்டரும்

தனம் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கரி உடைத்துக்கொண்டிருந்தாள். காற்று திசை மாறினால் ஆறு பெண்களும் சுத்தியலோடு எழுந்து மறுபக்கம் திரும்பி உட்காருவார்கள். அப்படிச் செய்தால் தூசியில் பாதியாவது முகத்தில் படாமல் பறந்துபோகும்.

வேங்கிக்காலைத் தாண்டி இருந்தது அந்தச் சுண்ணாம்புக் காளவாய். முன்பு விறகு, பிறகு நிலக்கரி. இரண்டு வருடமாகப் பெட்ரோல் சுத்திகரிக்கும் ஆலையில் மிஞ்சும் கரி லாரியில் வந்தது. விலை கம்மி, சூடு ஜாஸ்தி. ஒரு காளவாய் மூன்றானது. தனத்துக்கு இருமல் வந்தது. கணவன் வேணு சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்ததால், வீட்டில் அவள் கூலி மட்டும்தான்.

மாடியில் காயும் துணி கறுக்கிறதென்று பக்கத்துப் புதுநகர்க்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி ஜீப்பில் வந்தார்.

"கேட்டா ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க," என்று மேஸ்திரி பலராமன் முன்பே சொல்லிவைத்திருந்தார். "மூடிட்டா அப்புறம் எல்லாரும் வேலையில்லாம மலை சுத்திக்கினு இருக்க வேண்டியதுதான்."

அதிகாரி தனத்தின் முன் நின்றார். "தூசி தொந்தரவு இருக்காம்மா?"

"இருக்குதுங்க சார். துப்பினா கறுப்பா வருது."

அவர் எழுதிக்கொண்டார். எழுதி முடிக்கும்வரை அவள் அந்தப் பேனாவையே பார்த்தாள்.

ஜீப் போனதும் பலராமன் வந்தார். "வாய வெச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியா?"

"உடு மேஸ்திரி," என்றாள் பக்கத்திலிருந்த ஜோதியம்மாள். "அவ துப்புனத அவ சொன்னா. உன்னுதையா சொன்னா?"

பதினைந்து நாளில் உத்தரவு வந்தது. கரி வெளியே பறக்கக் கூடாது. மூடிய இடத்தில்தான் கொட்டி உடைக்க வேண்டும். முதலாளி நாலு சுவர் எழுப்பி, தகரம் போட்டு, ஒரு ஷட்டர் மாட்டினார். ஜன்னல் வைக்கவில்லை.

"நீ கேட்டதுதான, உள்ள போ," என்றார் பலராமன்.

எந்தப் பக்கம் திரும்பி உட்காருவதென்று பெண்களுக்குத் தெரியவில்லை. மதியத்துக்குள் எதிரில் இருந்த ஜோதியம்மாளின் முகம் தூசியில் மறைந்துபோனது. தனம் எழுந்து ஷட்டரை முழங்கால் உயரம் தூக்கினாள். பலராமன் காலால் மிதித்து இறக்கினார்.

"பறந்தா சீல் வெச்சிடுவாங்க. முடியலன்னா சொல்லு. கீழ்பென்னாத்தூர்ல பத்து பேரு ரெடியா கீறாங்க."

தனம் சுத்தியலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அடுத்த மாதம் அதிகாரி மறுபடி வந்தார். ஷட்டரில் ஆணி கழன்ற ஓட்டை வழியாகத் தனம் பார்த்தாள். அவர் சுவரோரத்து வேப்பமரத்தில் ஓர் இலையைப் பறித்துக் கைக்குட்டையால் துடைத்தார். துணி வெள்ளையாகவே இருந்தது.

அவளுக்கு இருமல் கிளம்பியது. பலராமன் வெளியிலிருந்து ஷட்டரை உள்ளங்கையால் தட்டினார். தனம் முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். அதிகாரி கைக்குட்டையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, பேனாவைத் திறந்தார்.