வட்டலப்பத்துக்குப் பின்வாசல்

என் புருஷன் நிக்கொலஸிடம் நாட்டைக் கொடுத்திருந்தால் ஒரே கிழமையில் திருத்தியிருப்பார். அப்படித்தான் அவரே சொல்வார். காலையில் வள்ளம் கரைக்கு வந்ததும் எத்தாளைச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் குந்தினாரென்றால், பட்ட மீனைப் பற்றி ஒரு வார்த்தை, நாட்டைப் பற்றி நூறு வார்த்தை. நாட்டுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு, உரிமைகள் எல்லாம் அதற்குப் பிறகு வரிசையில் நின்று வரட்டும் என்பது அவருடைய கட்சி. ஒரு மாத விசாவில் கற்பிட்டிக்கு வந்த வெள்ளைக்காரன் மூன்று வருஷமாகக் கடலில் காத்தாடி விட்டுக்கொண்டு திரிகிறானே, அவனைக் கேட்க ஆளில்லையே என்று இவருக்கு நித்திரை வராது. என் தம்பியும் ஒரு கடதாசியும் இல்லாமல்தானே இத்தாலிக்குப் போனான் என்று நான் கேட்டால், அது வேறு கதை என்பார். எப்படி வேறு என்று இன்றுவரை சொன்னதில்லை.

எங்கள் மகள் சுஜாந்தி பள்ளிக்கூடத்தில் குடியுரிமைக் கல்வி படிப்பிக்கிறாள். தகப்பனும் மகளும் சாப்பிட உட்கார்ந்தால் எனக்குத் தலையிடி. அரசியல் யாப்பில் இப்படித்தான் இருக்கிறது என்று அவள் உறுப்புரை இலக்கத்தோடு சொல்வாள். யாப்பு எழுதினவன் என்றைக்காவது ஒரு வாசலில் காவல் நின்றிருக்கிறானா என்று இவர் கேட்பார். அதற்குள் மீன்குழம்பு ஆறிவிடும். சமைத்தவளைப் பற்றி எந்த உறுப்புரையிலும் ஒன்றும் இல்லை போலிருக்கிறது.

இப்படிப்பட்டவரிடம்தான் பாதர் இந்த வருஷம் கோயில் திருவிழாவின் வாசல் சோதனையை ஒப்படைத்தார். கோயில்களில் குண்டு வெடித்த அந்த உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு பெரிய நாட்களில் பையைப் பார்த்துத்தான் எங்கள் கோயிலுக்குள் விடுகிறார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் குறையெல்லாம் இந்த மனுஷன் அந்த வேலையைச் செய்த விதத்தில்தான்.

உலோகத்தைக் கண்டால் சத்தம் போடும் ஒரு கறுப்புத் தடியைக் கொடுத்திருந்தார்கள். கொடியேற்றத்தன்று பாதரின் சாவிக்கொத்துக்கு அது கத்தியது. பாதரையே ஓரமாக நிறுத்திவைத்தார். அல்பொன்சா அக்காவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, அவளுடைய கொண்டையிலிருந்து கடைசி ஊசி கழன்ற பிறகுதான் தடி வாயை மூடியது. விரித்த தலையோடு பூசை கண்டவள் செபத்துக்கு நடுவில் யாரைத் திட்டினாள் என்று எல்லோருக்கும் தெரியும். என்னை மட்டும் விட்டாரா? முப்பது வருஷமாக ஆக்கிப்போடுகிறவளை, முன்பின் தெரியாத ஆளைப்போலக் கையைத் தூக்கச் சொன்னார். அன்று இரவு அவருக்கு வெறும் பாணும் சம்பலும்தான் கிடைத்தது.

இனி நெய்னார் நானாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முஸ்லிம் ஆட்கள் அண்ணனை நானா என்பார்கள், அக்காவை ராத்தா என்பார்கள், எங்களுக்கும் அப்படியே பழகிவிட்டது. தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் புலிகள் இயக்கம் ஒரே நாளில் வெளியேற்றியபோது, கலியாணம் முடித்த புதிதில், பெண்சாதி சுல்பாவோடு புத்தளத்துக்கு வந்து சேர்ந்தவர். பிறகு சொந்தமாக ஒரு ஐஸ் லொறி எடுத்தார். இருபத்தைந்து வருஷமாக எங்கள் வள்ளத்துக்கு அவருடைய ஐஸ்தான். நாட்டைத் திருத்துவதில் இவருக்குச் சரியான சோடி அவர். சட்டம் இறுக்கமாக இருக்க வேண்டும், எல்லை இறுக்கமாக இருக்க வேண்டும் என்று இருவரும் லொறி நிழலில் நின்று பேசுவதற்குள் பாதி ஐஸ் தண்ணீராகிவிடும்.

ஒவ்வொரு திருவிழாவுக்கும் சுல்பா ராத்தா முட்டையும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து ஒரு பெரிய சட்டி நிறைய வட்டலப்பம் அவித்து, இருவரும் சேர்ந்து கொண்டுவருவார்கள். அந்த உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு சட்டி மட்டும் வந்தது, ஆட்கள் வரவில்லை. கேட்டால், லொறிக்கு வேலை, காலில் நோவு, ஏதாவது ஒன்று சொல்வார். குண்டு வைத்தவர்கள் முஸ்லிம்கள் என்பதால் ஆட்கள் தன்னை எப்படிப் பார்ப்பார்களோ என்ற கூச்சம்தான் என்று எங்களுக்குத் தெரியும். இந்த வருஷம் நிக்கொலஸ் நேரே அவர்கள் வீட்டுக்குப் போய், நீங்கள் வராவிட்டால் சட்டியும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். வருகிறோம் என்றார்கள்.

திருவிழாவுக்கு முதல் நாள் மத்தியானம் இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குப் போகவில்லை. என்ன என்று கேட்டேன்.

"நெய்னார் நானாவை நான் எப்பிடிச் சோதிக்கிறது, றோசா?"

அத்தனை பேருக்கு முன்னால் அவரைத் தடவிப் பார்த்தால், முஸ்லிம் என்பதால்தான் பார்க்கிறார்கள் என்று அவர் மனம் உடைந்துவிடும். இத்தனை வருஷம் கழித்து வருகிறவர் பிறகு ஒரு நாளும் வரமாட்டார். சட்டத்தின் முன் எல்லோரும் சமம், அது பன்னிரண்டாம் உறுப்புரை என்று சுஜாந்தி தொடங்கினாள். யாப்பா அந்தாளோடு இருபத்தைந்து வருஷம் ஐஸ் ஏற்றியது என்று இவர் கேட்டார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள். எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. அந்த இரண்டு பேரையும் இழக்க எனக்கு விருப்பமில்லை.

கடைசியில் இவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கோயில் பின்பக்கம், ஆடுகள் நுழையாமல் கம்பி கட்டிய சின்ன வாசல் ஒன்று இருக்கிறது. அந்த வழியாக நான் அவர்களை உள்ளே கூட்டிவந்துவிட வேண்டும். பாதரின் சாவிக்கொத்தை விடாத மனுஷன், நாட்டுப் பாதுகாப்பை ஒரு வட்டலப்பச் சட்டிக்காகப் பின்வாசலால் அனுப்பிவைத்தார். நான் சிரித்தேன். ஆனால் மறுநாள் காலையில் சொன்ன இடத்தில் போய் நின்றேன்.

லொறி வந்தது. நெய்னார் நானா வெள்ளைச் சேர்ட்டும் தொப்பியுமாக இறங்கினார். சுல்பா ராத்தாவின் கையில் துவாய் சுற்றிய சட்டி. நான் கம்பியை அவிழ்த்து, இந்தப் பக்கத்தால் வாருங்கள் என்றேன். அவர் வாசலைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஆட்டையும் பார்த்தார்.

"தங்கச்சி, இந்த வாசலால இண்டைக்கு வேற ஆர் போனது?"

"ஒருத்தரும் போகேல்ல நானா. உங்களுக்குத்தான் அவர்…"

அவர் கோபப்படவில்லை. தலையை ஆட்டிவிட்டு முன்வாசலைப் பார்த்து நடந்தார். நானும் சுல்பா ராத்தாவும் பின்னால் ஓடினோம்.

வரிசையில், வெயிலில், அல்பொன்சா அக்காவுக்குப் பின்னால் போய் நின்றார். நிக்கொலஸ் அவரைக் கண்டதும் தடி கையிலிருந்து நழுவப் பார்த்தது. அல்பொன்சா அக்கா அன்று ஊசியே குத்தாமல் றிபனால் கட்டி வந்திருந்தாள், அவளை இரண்டு தரம் பார்த்து அனுப்பினார். அடுத்தது நெய்னார் நானா. இவர் ஒரு முழம் தள்ளி நின்று, தீர்த்தம் தெளிப்பதுபோலத் தடியை ஒரு வீசு வீசினார். போங்க நானா என்றார். நெய்னார் நானா போகவில்லை. இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

"அல்பொன்சாக்காவப் பாத்த மாதிரிப் பார், நிக்கொலஸ்."

"நானா, உங்கள நான்…"

"அண்டைக்கு யாழ்ப்பாணத்தில சந்தியில வச்சு எங்கட பைய றோட்டில கொட்டிப் பாத்தாங்கள். பாத்ததுக்கு எனக்கு நோகேல்ல. எங்கள மட்டும் பாத்ததுதான் நொந்தது. இண்டைக்கு நீ என்னை மட்டும் பாக்காம விட்டா, அதுவும் எனக்கு அதேதான்."

என் புருஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டப் போனார். தோளில் தொடங்கி, இடுப்பில் பெல்ற்றைக் கழற்றவைத்து, காலைச் சுற்றி, தொப்பியையும் வாங்கிப் பார்த்தார். நானாவின் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. பிறகு சட்டி. அலுமினியச் சட்டி, தடி விடாமல் கத்தியது. உள்ளே இருப்பது தடிக்கு விளங்காது, கரண்டியால்தான் பார்க்க வேண்டும் என்று அல்பொன்சா அக்கா உள்ளே போனவள் திரும்பி வந்து சொன்னாள். அதோடு எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

நெய்னார் நானா பெல்ற்றைக் கட்டிக்கொண்டு, உன்னை யார் பார்த்தது என்று இவரிடம் கேட்டார். நான்தானே பார்க்கிற ஆள் என்றார் இவர். நானா கையை நீட்டினார். அவ்வளவு நாளும் நித்திரைக்குப் போகும்போதுகூட விடாத தடியை இவர் ஒரு கணம் நெஞ்சோடு பிடித்திருந்தார். பிறகு கொடுத்துவிட்டுத் தானும் கைகளை உயர்த்தினார். இந்த மனுஷனைப் பற்றி நான் ஆயிரம் குறை சொல்வேன். ஆனால் தான் சொன்ன சட்டம் தன் தலையில் வந்து விழும்போது ஓடுகிறவர் அல்ல.

இடுப்பில் தடி கூவியது. மடியிலிருந்து வலை அறுக்கும் கத்தி வெளியே வந்தது. கடலுக்குப் போகிறவனுக்கு அது உடம்போடு ஒட்டியது, அவருக்கே நினைவில்லை. வரிசை முழுவதும் கைதட்டியது. இவருடைய காதெல்லாம் சிவந்துபோனது.

நெய்னார் நானா சிரிக்கவில்லை. பக்கத்து மேசையில், வரிசையில் வந்தவர்களிடம் அன்று வாங்கிவைத்த பாக்குவெட்டிகளுக்கும் கத்தரிக்கோல்களுக்கும் நடுவில் கத்தியை வைத்தார். மற்ற எல்லோருக்கும் கொடுப்பதுபோல இலக்கம் போட்ட ஒரு துண்டை எடுத்து இவருடைய உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"போகேக்க இதக் காட்டி உன்ர சாமான எடுத்துக்கொண்டு போ. மறந்திராத."

சொல்லிவிட்டும் அந்தக் கையை அவர் விடவில்லை. ஏனென்று எனக்கு விளங்கவில்லை. சுல்பா ராத்தா என் பக்கம் சாய்ந்து, மெதுவாகச் சொன்னாள்.

"அந்தச் சந்தியில என்ர தோட்டக் கழட்டி எடுத்தாங்கள், றோசா. எங்கட உம்மாட தோடு. இப்பிடி ஒரு சொல்லு அண்டைக்கு ஒருத்தரும் சொல்லேல்ல."

நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

பூசை மணி அடித்தது. கொடியேறிய நாள் முதல் நவநாள் முழுவதும் வாசலிலேயே நின்ற நிக்கொலஸ் அன்றுதான் உள்ளே வந்து என் பக்கத்தில் முழந்தாளிட்டார். தடி நெய்னார் நானாவிடம் இருந்தது. பிந்தி வந்த பாதரின் தம்பியிடம் அவர் பெல்ற்றைக் கழற்றச் சொல்வது எங்களுக்கு உள்ளே கேட்டது.